ரதியின் கடைவாய்ப் பல்

கிலுகிலு, கிலுகிலு. குருவிட்டயிலிருந்து டவுனுக்குப் போகிற பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில், ஒரு கைக்குழந்தை தாயின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டே பிளாஸ்டிக் கிலுகிலுப்பையை ஆட்டுகிறது. தாய் உறங்குகிறாள். குழந்தைக்கு உறங்குகிற எண்ணமே இல்லை. என்னிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு வேறு. என் கை என்னைக் கேட்காமலே மடியிலிருக்கும் பையை அமுக்குகிறது. பைக்குள் என் புட்டி. அதற்கும் இதே பாஷைதான், பேசவிட்டால் பேசும்.

எச்.ஐ.வி.க்காக ஒவ்வொரு இரவும் ஒரு மாத்திரை விழுங்குகிறவன் நான். கிளினிக்கில் தருகிற வெள்ளைப் புட்டி, நிறைந்திருக்கும்போது அடக்கமாக இருக்கும். மாத்திரை குறையக் குறைய வாயாடத் தொடங்கும். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள்தான் லயம்; அதில் எங்கள் காம்பராவின் சுவர் எப்படிப்பட்டதென்றால், பக்கத்துக் காம்பராவில் பிள்ளை தும்மினால் நாங்கள் இந்தப் பக்கத்திலிருந்து "நூறு" சொல்வோம். அப்படிப்பட்ட சுவருக்கு இந்தப் புட்டி ஆகாது. என் மனைவி ஒருநாள் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து விளக்குத்திரிப் பஞ்சை எடுத்து, ஒரு பிடி கிள்ளி, புட்டியின் வாய்க்குள் திணித்தாள்.

"சாமி கோவிச்சுக்காதா?" என்றேன்.

"சாமிக்கு எண்ணெ வாங்கியே எம்புட்டு நாளாச்சு. பஞ்சு சும்மாதான கெடக்குது."

நோய் வந்த வழி நீளமானது, சொல்ல அலுப்பானது, அதை விட்டுவிடுகிறேன். அது தெரிந்த நாளில் அவளுக்கும் ரத்தம் பார்த்தார்கள். அவளுக்கு இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். தோட்டத்து வாசலில் இறங்கிக் கடைக்கு முன்னால் நின்று சொன்னாள்: "காம்பரா எம் பேர்ல இருக்கு. போறதுன்னா நீங்கதான் போகணும். போறீங்களா?"

"இல்ல."

"அப்ப அரிசி வாங்குங்க."

எங்கள் கல்யாணம் இரண்டாவது தடவையாக அந்தக் கடை வாசலில்தான் நடந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

கிளினிக் டொக்டர் அம்மா நிவித்திகல பக்கத்துச் சிங்களப் பெண். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளோடு ஓடித் திரிந்து கற்ற தமிழ். அதில் இலக்கணம் இருக்காது, விளையாட்டு இருக்கும். முதல்முறை அவர் தன் வலது கையை முஷ்டியாக மடித்து மேசைமேல் வைத்து, கட்டைவிரலை மட்டும் வெளியே நீட்டினார்.

"இது ஒங்க ரத்தத்தில வேல செய்ற வெள்ள ஆளு. இது அவரோட கைப்பிடி. நோய் வந்து இத பிடிக்கிறது." இடது கையால் அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக் காட்டினார். "பக்கத்தில இன்னொரு சின்ன கைப்பிடி. அதயும் பிடிக்கிறது. ரெண்டும் பிடிச்சா கதவு தொறக்கிறது. உள்ள போயிட்டா அது வீட்டுக்காரன், இவரு வேலக்காரன்."

"அந்தக் கைப்பிடிய எதுக்கு வெளிய வச்சாங்க டொக்டர்?"

"நோய்க்கு வைக்கல்ல மல்லி. செல்லும் செல்லும் பேசிக்கிறதுக்கு வச்சது." தம்பி என்பதற்கு அவர் வாயில் "மல்லி"தான் வரும்.

பேசிக்கொள்வதற்கு வைத்த வழியாகத்தான் எல்லாக் கரைச்சலும் உள்ளே வருகிறது என்று எனக்குத் தோன்றியது. லயத்தில் வாழ்கிறவனுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

மருந்து தொடங்கியபின் இரண்டு வகையாக ரத்தம் பார்ப்பார்கள். ஒன்றில் நோய் எவ்வளவு என்று தெரியும், மற்றதில் அந்த வெள்ளை ஆட்கள் எவ்வளவு பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று தெரியும். என் விஷயத்தில் நோய் சீக்கிரமே மெஷினின் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒடுங்கிவிட்டது. ஆனால் வெள்ளை ஆட்கள் திரும்பி வரவில்லை. வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வழியிலேயே எங்கோ தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் அன்றைக்குரிய கொழுந்து நிறையைக் கொண்டுவந்து போட்டால் முழுப்பேர் போடுவார்கள், குறைந்தால் அரைப்பேர். அரைப்பேருக்கு அரைச் சம்பளம். இதை ஒருநாள் டொக்டர் அம்மாவுக்கு விளக்கினேன். அவருக்குப் பிடித்துவிட்டது. அதற்குப்பின் ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "நோய் பக்கம் முழுப்பேர், செல் பக்கம் அரைப்பேர்" என்பார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி திருத்தினாள்: "மருந்துக்கு முழுப்பேரு. ஒங்களுக்குத்தான் அரைப்பேரு."

இனிக் கூத்துக்கு வருகிறேன்.

மாசியில் எங்கள் தோட்டத்தில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். தவத்திலிருக்கும் சிவன்மேல் மன்மதன் பூ அம்பு விடுகிறான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனை எரிக்கிறார். ரதி அழுகிறாள். அந்த அழுகை தாங்காமல் சிவன் அவனுக்கு உயிரைத் திருப்பித் தருகிறார், உடம்பைத் தருவதில்லை. ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான். அப்படியானால் காமன் எரிந்தானா, எரியவில்லையா? இந்த இடத்தில் எங்கள் தோட்டம் இரண்டாகப் பிரியும். மேல் லயம் எரிந்த கட்சி, கீழ் லயம் எரியாத கட்சி. வருடம் முழுவதும் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போதும் சண்டை நடக்கும்.

ரதி நான்தான். இளவட்டமாக இருந்தபோது கட்டிய சேலை. இப்போது மீசையை மழித்தால் உதட்டுக்கு மேலே நரையின் தடம் தெரிகிறது. கூத்து மாஸ்டர் என்னை விடுவதாக இல்லை. "ரதிக்கு வயசு பாக்க வேணாம், அழுகதான் முக்கியம்" என்பார். மாஸ்டர் பழைய கங்காணி. மனிதர்களை வரிசையில் நிறுத்தாமல் அவரால் பேசவே முடியாது.

காப்புக் கட்டிவிட்டால் கவிச்சி இல்லை. பாய் வேறு. காமன் எரிகிறவரை தோட்ட எல்லைக்கு வெளியே கால் வைக்கக்கூடாது. சொந்தப் பெயரும் கழன்றுவிடும். கடையில் தேநீர் கேட்டால், "ரதிக்குச் சீனி கொறைச்சுப் போடு" என்பார்கள்.

அந்த வருடம் காமன் எரிந்து முடிந்தபின் வருகிற மாதிரிதான் கிளினிக் நாளைக் கேட்டு வாங்கியிருந்தேன். ஆனால் கம்பம் ஊன்ற வேண்டிய நேரத்தில் மேல் லயத்தில் ஒரு சாவு. தீட்டுக் கழியட்டும் என்று மாஸ்டர் கூத்தைத் தள்ளிப்போட்டார். "தேதி தள்ளிப் போகலாமா?" என்று கேட்டவர்களிடம், "காமன் எரியத்தான போறாரு, அவருக்கு என்னா அவசரம்" என்று சொல்லிவிட்டார். தீட்டுக் கழிந்தது. தப்பு முழங்கியது. நான் பெருமையாகக் கையை நீட்டிக் காப்புக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, புட்டியைத் திறந்தேன். உள்ளே மாத்திரையைவிடப் பஞ்சு அதிகமாக இருந்தது.

வழக்கமாக மிச்சம் கொஞ்சம் இருக்கும். முந்தின மழையில் பாதை சரிந்து கிளினிக் போகமுடியாமல் கிடந்தபோது அந்த மிச்சத்தை விழுங்கித் தீர்த்திருந்தேன். கிளினிக் நாள் இப்போது காப்புக்குள் வந்து விழுந்துவிட்டது. காமன் எரிவதற்கு முன்பே புட்டி காலியாகிவிடும்.

மனைவி காப்பைப் பார்த்தாள், புட்டியைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். சுவருக்குக் கேட்காத குரலில் கேட்டாள்: "நாள் பாக்காமத்தான் கைய நீட்டினீங்களா?"

"தப்பு அடிச்சாங்க. நீட்டிட்டேன்."

"கழட்டிருங்க."

"கழட்டினா ஏன்னு கேப்பாங்க."

கேட்பார்கள், என்னை அல்ல, அவளை. கொழுந்து எடுக்கிற நெரையில் இரண்டு பக்கமும் நின்று கேட்பார்கள். பதில் தெரிந்துவிட்டால் அதற்குப்பின் பீலியடியில் அவள் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்கமாட்டார்கள். மருந்தை நிறுத்தவும் வழியில்லை. "பெஹெத் நவத்தன்ன எப்பா" என்று டொக்டர் அம்மா ஒவ்வொரு தடவையும் வாசல்வரை வந்து சொல்வார், மருந்தை நிறுத்தவே கூடாது என்று. ஒடுங்கிக் கிடக்கிற நோய், மருந்து நின்றால் எழுந்து உட்காரும். என்னிடமோ அதை எதிர்க்க முழுப்பேர் ஆட்கள் இல்லை.

"நான் போயி வாங்கிட்டு வர்றேன்" என்றாள். பிறகு தானே தலையை ஆட்டிக்கொண்டாள். "இந்தத் தடவ ரத்தம் எடுக்கணும்னாங்களே. ஒங்க ரத்தத்தை நான் எதுல கொண்டுபோறது, செம்புலயா?"

எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஒங்களுக்குப் பல்லு வலிக்குது" என்று எனக்கு அறிவித்துவிட்டு மாஸ்டர் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

மாஸ்டர் நூல்கண்டோடு வந்தார். "டவுனுக்கு எதுக்கு? கதவுல கட்டி இழுத்தா முடிஞ்சுது." மேல் லயத்திலிருந்து கிராம்பு வந்தது. கிராம்பு வேலை செய்யாது என்று கீழ் லயத்திலிருந்து மண்ணெண்ணெய் நனைத்த துணி வந்தது. என் பல்லிலும் இரண்டு கட்சி. எல்லாவற்றையும் வாயில் வைத்துக்கொண்டு நான் அழவேண்டியிருந்தது. அழுவதில் பேர் வாங்கினவன். அன்றைக்கு அழுத அழுகையை மேடையில்கூட அழுததில்லை. மண்ணெண்ணெய் உதவி செய்தது.

மாஸ்டர் இளகிவிட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சட்டம் படித்தவர் மாதிரி கண்ணை மூடி யோசித்தார்.

"எங்க காலத்துல கூத்துல வீரபத்திரன் வேசம் கட்டுன ஒருத்தரு காப்போட கோர்ட்டுக்குப் போனாரு. கோழிக் கேசு. சப்பாத்துக்குள்ள கம்பத்தடி மண்ண நெரப்பிக்கிட்டுப் போனாரு. எங்க நடந்தாலும் காலு தோட்டத்து மண்ணுலதான நிக்கிது."

"கேசு என்னா ஆச்சுங்க?" என்றாள் மனைவி.

"தோத்துட்டாரு. ஆனா காப்பு நின்னுச்சி."

இப்படியாக எனக்கு வழி பிறந்தது. பிறந்த கையோடு மாஸ்டர் அதற்கு ஒரு வாலையும் ஒட்டினார்: ரதியைத் தனியே அனுப்ப முடியாது, மன்மதன் கூடப் போவான்.

எனக்கு உண்மையாகவே பல் வலிக்கிற மாதிரி இருந்தது. மன்மதன் தோட்டத்து வாசலில் த்ரீவீல் ஓட்டுகிறவன். என்னைவிட இளையவன், வடிவானவன், நல்லவன். வாய் மட்டும் ஓயாது. அவனிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு நீங்கள் வீட்டுக்கு நடந்து போனால், அந்தச் செய்தி உங்களுக்கு முன்பே வந்து உங்கள் வாசலில் உட்கார்ந்திருக்கும்.

கிளினிக் நாள் காலையில் எல்லைக் கல்லடியில் மாஸ்டர் எங்கள் இருவரின் சப்பாத்துக்குள்ளும் செம்மண்ணை அள்ளிப் போட்டு, திருநீறு தூவி, காலை உள்ளே விடச் சொன்னார். என்னுடையது பழைய கான்வாஸ் சப்பாத்து. குதிகாலில் இருந்த ஓட்டையை மனைவி தைத்துத் தந்திருந்தாள். "பல்லு கழட்டினதும் வாயத் தொறக்காதீங்க" என்று மாஸ்டர் என்னிடம் சொன்னார். மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் சிரித்துவிடுவாள்.

வழி முழுவதும் மன்மதன் பேசினான். "அண்ணே, பிரேக் எங்க இருக்குன்னு காலுக்கே தெரிய மாட்டேங்குது. தோட்டத்தையே மிதிக்கிற மாதிரி இருக்கு. ஒங்களுக்கு எந்தப் பல்லு? எனக்கும் ஒரு கடைவாய்ப் பல்லு ரொம்ப நாளா அரிச்சிக்கிட்டுக் கெடக்குது. பயத்துல காட்டவே இல்ல. மேடையில ஒங்கள நான் பாத்துச் சிரிக்கிறேனே, அப்ப ஒரு பக்கமாத்தான் சிரிப்பேன், கவனிச்சிருக்கீங்களா?"

கவனித்ததில்லை. காதல் பார்வை என்று நினைத்திருந்தேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் பல் கிளினிக் முன்பக்கம். என் கிளினிக் நீண்ட நடைபாதையின் அந்தக் கோடியில். பல் வரிசையில் நம்பர் எடுத்து மன்மதன் கையில் கொடுத்தேன். "பாத்துக்கங்க, நான் ஒண்ணுக்குப் போயிட்டு வர்றேன்."

"சப்பாத்தோடயா?"

"சப்பாத்தோடதான். காப்பு இருக்குல்ல."

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். நடக்க நடக்க வலது கால் லேசாகிக்கொண்டே வந்தது. மனம் லேசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டொக்டர் அம்மா என்னைத் தராசில் ஏறச் சொன்னார். ஏறினேன். முகம் மலர்ந்தது. "ஷா, நல்லா கூடியிருக்கே." பிறகு காலைப் பார்த்தார். "மல்லி, சப்பாத்த கழட்டுங்க."

"முடியாது டொக்டர்."

"ஏன்?"

சொன்னேன். சிவன், மன்மதன், காப்பு, எல்லை, கோழிக் கேஸ், எல்லாவற்றையும். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்து, அட்டையில் என் எடையை எழுதி, பக்கத்தில் சிங்களத்தில் ஏதோ சேர்த்தார். என்னவென்று கேட்டேன். "மண்ணோட" என்றார்.

போன தடவை எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டைத் திறந்தார். எனக்குச் சேலை கட்டாமலே ரதியின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"நோய் பக்கம் முழுப்பேர், எப்பவும் போல. செல் பக்கம்..." விரலால் ஒரு வரியைத் தடவினார். "முழுப்பேர் இல்ல. ஆனா அரைப்பேர தாண்டியாச்சு. ஏறுது மல்லி. மெதுவா ஏறுது. இந்த நேரம் மருந்து விட்டா எல்லாம் போகும். வெளிய இருங்க, ரத்தம் எடுக்கக் கூப்பிடுறேன்."

வெளியே வாங்கில் வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன். மனைவியின் தையல் விட்டிருந்தது. நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்து இந்த வாங்கு வரைக்கும், வெள்ளைத் தரையில், எங்கள் தோட்டம் ஒரு சிவப்புக் கோடாக வந்து என் குதிகாலடியில் நின்றது.

அந்தக் கோட்டின்மேல், சில்லறை தொலைத்தவன் மாதிரித் தலையைக் குனிந்தபடி, மன்மதன் வந்துகொண்டிருந்தான்.

ஓட இடமில்லை. அவன் கோட்டின் முடிவுக்கு வந்தான். என் சப்பாத்தைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். என் தலைக்கு மேலிருந்த பலகையைப் படித்தான். அவனுக்கு மூன்று மொழியும் வாசிக்கத் தெரியும் என்பது அந்த நிமிடத்தில் எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

நான் எதிர்பார்த்தது கேள்விகளை. ஒன்றும் வரவில்லை. அவன் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. உதட்டோரம் பஞ்சு எட்டிப் பார்த்தது. கையால் நம்பர் துண்டைக் காட்டினான், என்னைக் காட்டி இல்லை என்று விரித்தான், பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, வாயைத் திறந்து, குறடு இழுக்கிற மாதிரி இழுத்துக் காட்டினான். புரிந்தது. நம்பரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் இல்லை. நம்பர் வீணாகப் போகக்கூடாது என்று இவன் உள்ளே போய்த் தன் பல்லைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டான். பஞ்சைக் கடித்தபடி இருக்கவேண்டும், பேசினால் ரத்தம் நிற்காது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ரத்தம் என்றால் மன்மதனுக்குப் பயம்.

எங்கள் தோட்டத்தின் வானொலி வாயடைத்து என் முன் நின்றது. வீட்டில் புட்டிக்கு வைத்த அதே வைத்தியம். சாமி என்பவர் இருந்தால் அவர் கூத்துக்காரர்தான்.

சொல்லிவிட்டேன். சுருக்கமாகச் சொன்னேன். எத்தனை காலமாக, என்ன மருந்து, வீட்டில் அவளுக்கு இல்லை, தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். எங்கள் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம். மேடையில் அவன் எரியும்போது நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுவேன். அது அவனுக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும். எனக்கு வந்தது.

"பாருங்க," என்றேன், "இப்ப ரத்தம் வடியிறது ஒங்க வாயில. பயப்படணும்னா நான்தான் பயப்படணும்."

அவன் சிரிக்கவில்லை. சிரித்தால் பஞ்சு விழுந்துவிடும் என்பதாலும் இருக்கலாம்.

டொக்டர் அம்மா கதவைத் திறந்தார். தரையைப் பார்த்தார். "மே மொகத? என்ன இது? தோட்டத்த முழுசா கொண்டுவந்ததா?" பிறகு அவனைப் பார்த்தார். "இது யாரு?"

"மன்மதன், டொக்டர்."

"எரிக்கப் போற ஆளா?" என்றவர் என்னைக் கண்ணால் கேட்டார். நான் தலையாட்டினேன். "ரெண்டு பேரும் வாங்க" என்றார்.

உள்ளே அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். டொக்டர் அம்மா முஷ்டியை மேசையில் வைத்துக் கைப்பிடிக் கதையைத் தொடங்கினார். அவன் அதைக் கவனித்தான். பிறகு அவர், "நீங்க என்ன வேல?" என்று கேட்டார். அவன் கையை முறுக்கி ஹேண்டில்பாரைக் காட்டினான்.

"ஹரி, சரி. அப்ப ஒங்களுக்குச் சுகமா புரியும். இவரோட செல்லுக்கு வேற கைப்பிடியும் இருக்கு. ஹேண்ட் பிரேக். நோயோட நிறைய நாள் சண்ட போட்டா, செல் களைச்சுப் போய் அந்த பிரேக்க இழுத்துக்கிறது. மருந்து வந்து நோய அடக்கினாலும், பிரேக் ஒடனே விடாது. அதனாலதான் இவரு மெதுவா ஏறுறாரு. காரணம் இது மட்டும் இல்ல. ஆனா இதுவும் ஒண்ணு."

மன்மதன் "ம்" என்றான். பிரேக் விடாத வண்டியைப் பற்றிய, தொழில் தெரிந்தவனின் "ம்". பிறகு தன் கன்னத்தைத் தொட்டு, என் கன்னத்தைக் காட்டி, ஒரு கிண்ணத்தைக் கலக்குகிற மாதிரி செய்தான்.

"ஒரே கிண்ணத்துலதான் நாங்க ரெண்டு பேரும் மொகத்துக்கு அரிதாரம் எடுப்போம், அதக் கேக்கிறாரு" என்றேன்.

"அதில வராது. தொட்டா வராது. ஒண்ணா சாப்பிட்டா வராது. மருந்து ஒழுங்கா குடிச்சு ரத்தத்தில தெரியாம இருக்கிறவரைக்கும் இவரு பொஞ்சாதிக்கே போகாது. ஒங்களுக்கு எப்படி போகும்? நீங்க கூத்தில மட்டுந்தானே புருஷன்."

அவன் காதுவரை சிவந்தான். குனிந்து தன் சப்பாத்து நாடாவை இறுக்கினான். பிறகு நிமிர்ந்து, ஒரு விரலை நெற்றியின் நடுவில் வைத்து, அங்கிருந்து நெருப்பு பாய்கிற மாதிரிக் கையை வீசி, என் நெஞ்சைக் காட்டி, புருவத்தைத் தூக்கினான்.

இதை நான் மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. "நோய் எரிஞ்சிருச்சா, எரியலையான்னு கேக்கிறாரு, டொக்டர். எங்க தோட்டத்துல இதுக்கு ரெண்டு கட்சி இருக்கு."

டொக்டர் அம்மா மறுபடி முஷ்டியை மேசையில் வைத்தார். "எரியல்ல" என்றார். "சில செல்லுக்குள்ள அது தூங்குது. மெஷின் தேடினா தெரியாது. மருந்து இருந்தா எழும்பாது. மருந்து நின்னா எழும்பும். அதனால..." முஷ்டியைப் பிரித்துக் கையை மேசையில் விரித்தார். "எரியாத கட்சி."

மன்மதன் மேல் லயத்துக்காரன். பிறந்ததிலிருந்து எரிந்த கட்சி. தோற்ற முகத்தோடு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு நான் மீசையில்லாத உதட்டால் சிரித்தேன். தவிர்க்க முடியவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். ஊசியைப் பார்க்காமலிருக்க அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் அறையைவிட்டுப் போகவில்லை. புது மருந்துப் புட்டி கைக்கு வந்தது. வாசல்வரை வந்த டொக்டர் அம்மா வழக்கம்போல, "பெஹெத் நவத்தன்ன எப்பா" என்றார், இந்தத் தடவை அவனைப் பார்த்து. நடைபாதையில் எங்கள் மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "இத எங்க போடுறது?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார். என்ன சொல்வது? கொஞ்சம் அள்ளிச் சப்பாத்துக்குள் போட்டுக்கொண்டேன். மிச்சம் டவுனுக்கு.

திரும்பும் வழியில் த்ரீவீலுக்குள் அப்படியொரு அமைதியை அந்த வண்டி அதுவரை கண்டிருக்காது. பஞ்சைத் துப்பிவிடக்கூடிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது; அவன் துப்பவில்லை. பின்னால் உட்கார்ந்து அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். வாயைத் திறந்தால் முதல் சொல் என்னவாக இருக்கும், அது எங்கள் லயத்துக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும், என் மனைவி அப்போது பீலியடியில் நிற்பாளா, வீட்டுக்குள் இருப்பாளா, இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில், "யார்கிட்டயும் சொல்லிருவீங்களா?" என்று கேட்டேன். இஞ்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று சொல்லிக்கொண்டேன். கேட்டிருக்கும். கண்ணாடியில் அவன் கண் ஒரு தடவை என் பக்கம் வந்து போனது.

எல்லைக் கல்லடியில் வண்டியை நிறுத்தினான். நாங்கள் இறங்கிச் சப்பாத்தைக் கழற்றி, மண்ணை அது வந்த இடத்திலேயே கொட்டினோம். என்னுடையதிலிருந்து விழுந்தது ஒரு கைப்பிடி இருக்கும். மேலே, கம்பத்தடியில், மாஸ்டர் எங்களைக் கண்டு எழுந்துவிட்டார். கையை நெற்றிக்குக் குடைபிடித்துப் பார்த்தார். இறங்கி வரத் தொடங்கினார்.

"வாயத் தொறந்து காட்டச் சொல்லுவாரு," என்றேன். "பல்லு எல்லாம் அப்பிடியே இருக்கு."

மன்மதன் ரோட்டோரம் குனிந்து பஞ்சைத் துப்பினான். உப்பிய கன்னத்தைத் தடவிக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து, துணியில் மடித்த ஏதோ ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மூடினான். மாஸ்டர் இன்னும் தூரத்தில் இருந்தார்.

"இந்தாங்கண்ணே, ஒங்க பல்லு" என்றான். "என்னையக் கொளவி கொட்டிருச்சி."